வீட்டிலேயே பர்கர் பன்: மைதாவும் கஞ்சியும் சாரல் காத்தும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகச் சுருக்கியிருக்கிறோம்.)

வீரகேரளம்புதூர்ல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "சித்திரையில பன் போட்டா மாவு பொங்கி அமுங்கிருது. ஆடியில போட்டா எழும்பவே மாட்டேங்குது. எப்படியோ சுட்டு எடுத்தாலும் மறுநாள் கல்லு மாதிரி ஆயிருது. கடை பன் மட்டும் எப்படி மெத்துனு இருக்கு? அதுல என்னதான் போடுறாங்க?" மூணுமே நல்ல கேள்வி. கடைசிக் கேள்வியில இருந்து ஆரம்பிப்போம்.

கடை பன்னுல என்ன இருக்கு?

பேக்கரிகள்ல 'இம்ப்ரூவர்'னு ஒரு பொடி சேர்க்குறது உண்டு. மாவோட பிடிமானத்தைக் கூட்டுறதுதான் அதோட வேலை. முன்னாடி இதுக்குப் பொட்டாசியம் புரோமேட் சேர்க்குற வழக்கம் இருந்துச்சு. புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999-லயே வகைப்படுத்தின ரசாயனம் அது. 2016 மே மாசம், டெல்லியில இருக்குற அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பன் மாதிரிகளைச் சோதிச்சு அறிக்கை வெளியிட்டாங்க. அடுத்த மாசமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு.

வீட்டுல நமக்கு எந்தப் பொடியும் வேண்டாம். அந்த வேலையை நம்ம கையும் கொஞ்சம் பொறுமையும் செஞ்சுரும். பிரானூர் பார்டர்ல பரோட்டா மாஸ்டர் மாவை வீசுறதைப் பாத்திருப்பீங்க. கைக்குட்டை மாதிரி விரியுது, கிழியறதில்ல. அந்த ஜவ்வுத்தன்மைக்குப் பேருதான் குளூட்டன். அதே மைதாதான், அதே குளூட்டன்தான். பரோட்டாவுல அது அடுக்கா விரியுது. பன்னுல ஈஸ்ட் விடுற காத்தைப் பலூன் மாதிரி பிடிச்சு வைக்குது.

மறுநாள் ஏன் கல்லாகுது?

பிரிட்ஜ்ல வச்ச சோறு மறுநாள் வெறச்சுப் போயிருக்கும் இல்லையா? பன்னுலயும் அதேதான் நடக்குது. வெந்த மாவுச்சத்து ஆறினதும் மறுபடி இறுகுது. பிரிட்ஜ் குளிர்ல அது இன்னும் வேகமா நடக்கும். அதனால பன்னைப் பிரிட்ஜ்ல வைக்காதீங்க.

இதைத் தள்ளிப்போட ஒரு வழி, மாவுக்குள்ள தண்ணியைக் கூடுதலா நிறுத்துறது. ஜப்பான்லயும் தைவான்லயும் பால் பிரெட் செய்றவங்க கொஞ்சம் மாவை முதல்லயே வேக வச்சுச் சேர்க்குறாங்க. நம்ம பாஷையில சொன்னா மைதாக் கஞ்சி. பச்சை மாவைவிட வெந்த மாவு பல மடங்கு தண்ணி குடிக்கும். சுட்ட பிறகும் அதை விடாது.

ஆறு பன்னுக்கு அளவு

மைதா 300 கிராம், தண்ணி 100 மில்லி, பால் 90 மில்லி, சர்க்கரை 25 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், வெண்ணெய் 30 கிராம்.

முதல்ல 20 கிராம் மைதாவை 100 மில்லி தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, சின்னத் தீயில கிண்டுங்க. கரண்டி போன தடம் தெரியுற பதம் வந்ததும் இறக்கி, நல்லா ஆற விடுங்க. சூடா ஊத்துனா ஈஸ்ட் செத்துரும்.

மிச்ச மைதாவோட கஞ்சி, பால், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் பிரட்டி, மூடி 20 நிமிஷம் விட்டுருங்க. இந்த ஓய்வுலயே பாதி ஜவ்வு தானா உண்டாகும். அப்புறம் உப்பு சேர்த்துப் பிசைஞ்சு, வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேருங்க. மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பிசையணும். கையில ஒட்டும்தான். அதுக்காக மேல மேல மாவு தூவினா பன் இறுகிரும், கையில எண்ணெய் தொட்டுக்கோங்க. ஒரு துண்டைப் பிச்சு இழுத்தா வெளிச்சம் தெரியுற அளவுக்குக் கிழியாம விரியணும்.

சித்திரையும் ஆடியும்

இனி முதல் கேள்வி. 'ஒரு மணி நேரம் ஊற விடவும்'னு சமையல் குறிப்புல எழுதினவங்க ஊரு வேற, நம்ம ஊரு வேற. வெயில் காலத்துல முக்கால் மணி நேரத்துக்குள்ளயே மாவு ரெட்டிப்பாகலாம். அப்ப ஈஸ்ட்டை 3 கிராமாக் குறைச்சு, பாலைக் குளிரவே ஊத்துங்க. குற்றாலம் சீசன் வந்து செங்கோட்டைக் கணவாய் காத்து வீச ஆரம்பிச்சதும் கதை மாறிரும். மாவு ஈரத்தை இழுத்திருக்கும், அதனால ரெண்டு ஸ்பூன் பாலை நிறுத்தி வச்சு, வேணும்னா மட்டும் சேருங்க. பாலு வெதுவெதுப்பா இருக்கணும். மாவுக் கிண்ணத்தை அணைச்ச ஓவனுக்குள்ள, ஒரு செம்பு வெந்நீரோட வைங்க.

எந்தக் காலமானாலும் மணியைவிட மாவைப் பாருங்க. ரெட்டிப்பானதும் காத்தை மெதுவா அமுக்கி, 90 கிராம் உருண்டையா ஆறு உருட்டி, தட்டுல இடைவெளி விட்டு வைங்க. கொஞ்சம் தட்டையாவே அமுக்கி விடுங்க, இல்லன்னா பர்கருக்கு ரொம்ப உயரமாயிரும். மறுபடி உப்பினதும் விரலால லேசாத் தொடுங்க. பள்ளம் உடனே மேல வந்தா இன்னும் நேரம் வேணும். மெதுவா வந்தா சுடலாம். வரவே இல்லன்னா நேரம் தாண்டிருச்சு, அதுதான் அமுங்கிப் போற மாவு.

சுடுறது

மேல பால் தடவி, எள்ளு தூவி, சூடேத்தின ஓவன்ல 180 டிகிரியில 18 முதல் 20 நிமிஷம். ஓவன் இல்லையா? கனமான சட்டியில உப்புப் பரப்பி, ஸ்டாண்ட் வச்சு, மூடி பத்து நிமிஷம் காய விட்டு, தட்டை உள்ள வச்சு மிதமான தீயில 25 முதல் 30 நிமிஷம். மேல்பக்கம் வெளுப்பாத்தான் வரும். பர்கருக்குப் பன்னை வெட்டி வெண்ணெய் தடவித் தோசைக்கல்லுல போடத்தானே போறோம், மேல்பக்கத்தையும் ஒரு தடவை கவுத்துப் போட்டா நிறம் வந்துரும்.

எடுத்ததும் பால் தடவி, சுத்தமான துணி போட்டு மூடி ஆற விடுங்க. ஆறின பிறகுதான் டப்பாவுல போடணும். இதுல பூஞ்சைத் தடுப்பு எதுவும் சேர்க்கலை, அதனால ரெண்டு நாள் கணக்கு, சாரல் காலத்துல அதுக்கும் முன்னாடியே தீர்த்துருங்க. மிஞ்சினா பிரீசர்ல வச்சு, வேணும்போது இட்லிப் பானையில ரெண்டு நிமிஷம் ஆவி காட்டுங்க.

இந்த வாரமே ஒரு தடவை போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பர்கருக்குள்ள வைக்கிற கட்லெட்டைப் பத்திப் பேசுவோம்.