சத்தூசி: யாருக்கு வேண்டும்? வீட்டில் எப்படிப் போடுவது?

"உடம்பு ஏலாமல் கிடக்குது. ஒரு சத்தூசி போட்டால் எழும்பிவிடுவன்." இடம்பெயர்ந்து இருக்கும் குடும்பங்களிடம் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சை நாம் கேட்கிறோம். கூலி வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. ஆகவே விரைவாகச் சுகம் தரும் ஒன்றை மனம் தேடுவது இயல்பே.

நாம் அறிந்த ஒரு தாய் இப்படித்தான் ஊர் ஊராக வந்த ஒருவரிடம் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொண்டார். அதே ஊசியால் அன்று வேறு சிலருக்கும் போடப்பட்டது. பத்து நாளில் அவருடைய இடுப்பில் சீழ்க்கட்டி வந்தது. வைத்தியசாலையில் அதை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். களை பிடுங்கும் காலத்தில் மூன்று கிழமை வேலை போயிற்று. பின்னர் இரத்தத்தைப் பரிசோதித்தபோது அவருக்கு இருந்த குறை இரும்புச்சத்துக் குறை என்று தெரிந்தது. அதற்கு வேண்டியது குளிசையும் நல்ல சாப்பாடும்தான்.

அதே ஊரில் ஒரு விவசாயி இருக்கிறார். சத்திரசிகிச்சையில் அவருடைய இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது. அவருக்கு விற்றமின் பீ12 ஊசி உண்மையிலேயே வேண்டும். வைத்தியரின் சம்மதத்துடன் தாதியிடம் பழகி, அவர் அதைத் தானே போட்டுக்கொள்கிறார். ஒருவருக்குத் தீங்கு செய்த ஊசி மற்றவரை நடமாட வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊசி யாருக்கு வேண்டும்?

பீ12 என்னும் விற்றமின் மீன், முட்டை, பால், ஈரல், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. மரக்கறியிலும் சோற்றிலும் இல்லை. அது உடலில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் துணை செய்ய வேண்டும். அப்பொருள் சுரக்காதவர்கள், இரைப்பை அல்லது சிறுகுடலின் கடைப்பகுதி வெட்டி எடுக்கப்பட்டவர்கள், நெடுங்காலம் மாமிசம், முட்டை, பால் எதுவும் உண்ணாதவர்கள், சலரோகத்துக்கு மெட்போமின் குளிசையைப் பல வருடங்கள் பாவிப்பவர்கள் ஆகியோருக்கு இக்குறை வரலாம். களைப்பு, நாக்குப் புண், கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடை தள்ளாட்டம், மறதி என்பன அதன் அறிகுறிகள். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு முழுதாக மாறாமலே போகலாம்.

ஆனால் இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து ஊசி போடக்கூடாது. இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பீ12 குறைந்தவருக்குப் போலிக் அமிலக் குளிசையை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும், நரம்பு தொடர்ந்து கெடும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்றும் வைத்தியரிடம் கேளுங்கள்: "குளிசை போதாதா?" கூடிய அளவான பீ12 குளிசை பலருக்குப் போதுமானது. குளிசை போதுமென்றால் ஊசியே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கவனம்?

சுத்தமில்லாத ஊசியால் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பீ, சீ கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். 2000ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் பீயும், 20 இலட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் சீயும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி.யும் இவ்வகை ஊசிகளால் தொற்றின என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஊசிமுனையை மட்டும் மாற்றி சிறிஞ்சை வைத்துக்கொள்வதும் ஆபத்து. இன்றைய பிளாஸ்ரிக் சிறிஞ்சை அவித்துப் பாவிக்க முடியாது. ஒரு சிறிஞ்ச், ஒரு ஊசி, ஒருவருக்கு, ஒரு தடவை. இதுவே சட்டம்.

வீட்டில் தொடங்குமுன்

முதல் ஊசியை ஒருபோதும் வீட்டில் போட வேண்டாம். அரிதாகச் சிலருக்கு மருந்து ஒவ்வாமல் போகும். அதைச் சமாளிக்கும் மருந்து வைத்தியசாலையில்தான் உண்டு. ஊசி போட்டபின் அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். பின்னர் தாதியின் முன்னால் நீங்களே சில தடவை போட்டுப் பழகுங்கள். அவர் "இனிச் சரி" என்று சொன்ன பிறகே வீட்டில் தொடங்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் கை நடுங்குபவர்களும் வைத்தியசாலையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் போடுவது தசையில் போடும் ஊசி மட்டுமே. நாளத்தில் ஏற்றும் மருந்தை எவரும் வீட்டில் தொடக்கூடாது.

எந்த இடத்தில்?

தனக்குத்தானே போடுபவருக்குத் தொடையே ஏற்ற இடம். பிட்டத்தில் பிழையான இடத்தில் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு பழுதாகி, பாதம் தூக்க முடியாமல் போகலாம். கதிரையில் இருந்து, பாதத்தை நிலத்தில் வைத்துத் தொடையைத் தளர விடுங்கள். இடுப்பின் பக்கத்தில் தட்டுப்படும் எலும்பு முனைக்குக் கீழே ஒரு கை அகலம் விடுங்கள். முழங்காலுக்கு மேலே ஒரு கை அகலம் விடுங்கள். இடையில் உள்ள பகுதியின் வெளிப்பக்கமே ஊசிக்குரிய இடம். உள்தொடையில் குத்த வேண்டாம். இம்முறை வலம் என்றால் அடுத்த முறை இடம். புண், வீக்கம், தழும்பு உள்ள இடத்தைத் தவிருங்கள்.

செய்யும் முறை

1. மருந்தின் பெயர், அளவு, காலாவதித் திகதி ஆகியவற்றை வைத்தியரின் துண்டுடன் ஒப்பிடுங்கள். பீ12 மருந்து சிவப்பு நிறம், தெளிவாக இருக்கும். கலங்கியிருந்தால் பாவிக்க வேண்டாம்.

2. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கைகளைக் கழுவி உலர விடுங்கள். கிணற்றடியில் ஒருவர் வார்க்கலாம்.

3. கண்ணாடிக் குப்பியின் தலையைத் தட்டி மருந்தைக் கீழே இறக்குங்கள். கழுத்தைச் சுத்தமான பஞ்சுத் துணியால் சுற்றி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக முறியுங்கள்.

4. புதிய சிறிஞ்சின் உறையைப் பிரித்து மருந்தை இழுங்கள். ஊசி எதிலும் படக்கூடாது. பட்டால் எறிந்துவிடுங்கள். இழுத்த ஊசியைக் கழற்றிப் புதிய ஊசியைப் பூட்டுங்கள். ஊசியை மேல்நோக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

5. தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தானாகக் காய விடுங்கள். ஊத வேண்டாம்.

6. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியை நேர்குத்தாக ஒரே மூச்சில் செலுத்துங்கள். உட்தண்டைச் சற்றுப் பின்னிழுத்துப் பார்க்கும்படி தாதி பழக்கியிருந்தால் அவ்வாறே செய்யுங்கள். இரத்தம் வந்தால் மருந்தைத் தள்ளாமல் ஊசியை எடுத்து, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குங்கள்.

7. மருந்தை மெதுவாகத் தள்ளுங்கள். பத்து வரை எண்ணி ஊசியை நேராக வெளியே எடுங்கள். பஞ்சை வைத்து அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம்.

8. ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட வேண்டாம். அப்போது கை குத்துப்படலாம்.

பாவித்த ஊசி எங்கே?

நாம் வெறுங்காலுடன் வயலில் இறங்குகிறவர்கள். எமது பிள்ளைகள் குப்பையில் கிடப்பதை எடுத்து விளையாடுகிறார்கள். ஆகவே ஊசியை வேலியோரத்தில், வாய்க்காலில், மலசலகூடக் குழியில் போடக்கூடாது. தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை மூடியுடன் எடுத்து, "ஊசி, தொட வேண்டாம்" என எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பாவித்த ஊசியையும் உடைந்த குப்பியையும் உடனே அதனுள் போடுங்கள். முக்கால்பங்கு நிரம்பியதும் இறுக மூடி, வைத்தியசாலையில் ஒப்படையுங்கள். பாவித்த ஊசி வேறொருவருக்குக் குத்திவிட்டால் அந்த இடத்தைச் சவர்க்கார நீரால் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

மூச்சு முட்டுதல், உதடு அல்லது முகம் வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். குத்திய இடம் சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, கால் மரத்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். மஞ்சள், எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மருந்தை எங்கே வைப்பது?

தகரக் கூரையின் கீழ் வெப்பம் கடுமையாக இருக்கும். பீ12 குப்பிகளை அவற்றின் பெட்டியிலேயே, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பெரிய மண்பானையில் ஈரமணல் நிரப்பி, நடுவில் சிறு மண்சட்டியைப் புதைத்து, அதனுள் பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்து மூடலாம். மணலைத் தினமும் நனையுங்கள்.

கடைசியாக ஒன்று. கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, அடுத்த ஊசித் திகதி ஆகியவற்றை அடையாள அட்டையுடன் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். இடம்பெயர்ந்தவர்களில் பலர் பாத்திரங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து, சிகிச்சைத் துண்டைத் தவறவிட்டதை நாம் கண்டிருக்கிறோம். புதிய இடத்து வைத்தியர் உங்களை அறியார். அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும். அது இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி ஒரு வருடமாக நின்றுவிடும். நடந்து திரிந்த கால் அதற்குள் விறைத்துவிடும்.