தொடக்கக் கல்விச் சீர்திருத்தமும் எழுத்தறிமுக வைப்புமுறையும்

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பறையையே மாற்றியமைத்த சீர்திருத்தமாகச் செயல்வழிக் கற்றலைக் குறிப்பிடலாம். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியின் அட்டைவழிக் கற்பித்தலை முன்மாதிரியாகக் கொண்டு, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கப்பெற்றது. அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக விளங்கிய காலத்தில், 2007-08இல் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. பாடநூலின் இடத்தைக் கற்றல் அட்டைகள் பெற்றன. கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்திற்கு இறங்கியது. ஆசிரியரும் பாயில் அமர்ந்தார்.

தமிழறிஞர்களிடையே எதிர்ப்பை எழுப்பியது பாய் அன்று, எழுத்துகளின் வைப்புமுறையே. அகரத்தில் தொடங்காமல் ட, ப, ம என வரிவடிவ எளிமை கருதித் தொடங்குவது மரபை மீறுவதாகக் கருதப்பட்டது. ஆயின் தொல்காப்பியம் அகரம் முதல் னகரம் ஈறாக வகுத்தது இலக்கண வைப்பே. ஐந்து வயதுக் குழந்தையின் விரல் பயிற்சியை அது கருத்திற் கொண்டதன்று. ட, ப இரண்டும் நேர்கோடுகளால் அமைவன. அகரமோ சுழியும் வளைவும் கோடும் கூடியது. மேலும், உயிரெழுத்துகளை மட்டும் கற்ற குழந்தையால் ஆ, ஈ போன்ற ஓரெழுத்தொருமொழிகளுக்கு அப்பால் பெரிதாக எதையும் படிக்க இயலாது. ட, ப, ம என்பவற்றோடு புள்ளியையும் அறிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எனப் பொருளுள்ள சொற்கள் உடனே கைவருகின்றன. டகரம் மொழிமுதல் ஆகாமையால் அதனைச் சொல்லின் இடையில் வைத்தே அறிமுகம் செய்யவேண்டும் என்பது இம்முறையின் ஒரு நெருடல். திருத்த இயலாத குறையன்று.

உண்மையான இடர்ப்பாடு சொற்களில் உள்ளது. வாடிப்பட்டி வட்டாரக் குழந்தை வீட்டில் ‘வெஞ்சனம்’ என்றும் ‘அங்கிட்டு, இங்கிட்டு’ என்றும் கேட்டு வளர்கிறது. பள்ளியில் அதற்குக் கிடைப்பது மாநிலம் முழுமைக்கும் பொதுவான சொற்பட்டியல். எழுத்தைக் கூட்டிப் படித்த பின்னும் சொல் அயலாக நின்றால் வாசிப்பு தடைப்படும்.

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 சூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்பினரை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்கிறது. நிலைக்கேற்ற பாடம் வாய்த்தது; வட்டாரத்திற்கேற்ற சொல் இன்னும் வாய்க்கவில்லை. வட்டார வழக்ககராதிகளைத் தொகுத்துவரும் தமிழ்த்துறைகள், மழலையர் வழக்கிலுள்ள சொற்களைத் தனியே பிரித்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு வழங்குவது இயலக்கூடிய பணியே.