கேர்ணல் ஒல்கொட்: படைவீரர், சட்டத்தரணி, மக்கள் தூதுவர்

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு
அலகு: 19ஆம் நூற்றாண்டின் சமய, கலாசார மறுமலர்ச்சி

ஒல்கொட்டின் பணி பற்றிய வினாவுக்கு, “பாடசாலைகளை அமைத்தார்” என ஒரே வரியில் விடையெழுதும் மாணவர் பலர். அது முழுமையான விடையன்று. அவர் பெற்றிருந்த அனுபவம் இலங்கையில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

1. படையிலிருந்து நீதிமன்றத்துக்கு

ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் 1832 இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் (1861–1865) வட மாநிலங்களின் பக்கம் சேவையாற்றினார். படைக்குப் பொருள் வாங்குவதில் நடந்த மோசடிகளை விசாரித்துப் பெயர் பெற்று, கேர்ணல் ஆனார். 1865 இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் கொலை பற்றிய விசாரணையிலும் பங்குபற்றினார். 1868 இல் சட்டத்தரணியானார். 1875 இல் பிளவாட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் நியூயோர்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினார்.

2. இலங்கை வருகை

1873 இல் நடந்த பாணந்துறை விவாதம் பற்றி அறிந்த அவர், 1880 மே 17 இல் காலியில் வந்திறங்கினார். அதே ஆண்டு கொழும்பில் பௌத்த பிரம்மஞான சங்கம் அமைக்கப்பட்டது. அச்சங்கம் 1886 இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் ஆனந்தாக் கல்லூரியாயிற்று.

3. கொட்டாஞ்சேனையிலிருந்து இலண்டனுக்கு

1883 இல் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டது. தாக்கியோர் தண்டிக்கப்படவில்லை. மக்கள் கொதிப்படைந்தனர். ஒல்கொட் கலகத்தைத் தூண்டவில்லை. முறைப்பாடுகளைத் தொகுத்து, பௌத்தர்களின் பிரதிநிதியாக 1884 இல் இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முன்வைத்தார். வெசாக் தினத்துக்கு விடுமுறையும், திருமணப் பதிவுக்குப் பௌத்தப் பதிவாளர்களும் வேண்டும் என்பன கோரிக்கைகளுட் சில. 1885 இல் வெசாக் பௌர்ணமி அரச விடுமுறையாயிற்று. விசாரணையாளராகச் சான்று திரட்டவும் சட்டத்தரணியாக வாதிடவும் பெற்ற பயிற்சி இங்கு கைகொடுத்தது.

4. ஒப்பிட்டு நோக்குக

சொந்தப் பாடசாலை இன்றிச் சமூகம் எழ முடியாது என்பதை 1848 இலேயே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிக் காட்டினார். வவுணதீவு மாணவர் வலையிறவுப் பாலத்தையும் கல்லடிப் பாலத்தையும் கடந்து சென்றால் காணும் சிவானந்த வித்தியாலயமும் (1929) சுவாமி விபுலாநந்தர் அதே நோக்குடன் எழுப்பியதாகும்.

கவனிக்க:
• ஒல்கொட் சட்டசபை உறுப்பினராக இருந்தவரல்லர். மக்கள் சார்பில் அரசுடன் பேசியதே அவரது அரசியற் பணி.
• பௌத்த கொடியை வடிவமைத்தது கொழும்புக் குழுவொன்று. அதன் அளவைத் திருத்த ஆலோசனை கூறியவரே ஒல்கொட்.
• அவர் 1907 இல் சென்னை அடையாற்றில் காலமானார்.

பயிற்சி வினா
“உரிமைகளைப் பெறுவதற்கு ஆயுதத்தை விட ஆதாரமே ஒல்கொட்டுக்கு உதவியது.” 1883–1885 காலப்பகுதி நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.

விடைக் குறிப்பு: சம்பவம், கோரிக்கை, இலண்டன் பயணம், பெறுபேறு என்ற ஒழுங்கில் ஆண்டுகளுடன் எழுதுக.