நரம்பன்று, சிரை

கெண்டைக்காலில் நீலநிறமாகப் புடைத்து நெளியும் குழாய்களைப் பேச்சுவழக்கு ‘நரம்பு சுருட்டல்’ என்று கூறினாலும், அவை உணர்ச்சியைக் கடத்தும் நரம்புகள் அல்ல. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகளே அவை. பெயரிலுள்ள இப்பிழை சிறியதன்று. நரம்புக் கோளாறு என்றெண்ணித் தைலம் தேய்ப்பதிலும் சத்து மாத்திரை விழுங்குவதிலும் ஆண்டுகள் கழிய, உண்மையான பழுது உள்ளே அப்படியே இருந்துவிடுகிறது.

கால் சிரைகளில் மேலேறும் இரத்தம் கீழிறங்காமல் தடுக்க வால்வுகள் என்னும் ஒருவழிக் கதவுகள் உள்ளன. நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்பவருக்கு அந்தப் பிழிதல் இல்லை. பரம்பரை, மகப்பேறு, முதுமை ஆகியவற்றோடு நெடுநேரம் நிற்கும் தொழிலும் சேரும்போது வால்வுகள் தளர்ந்து, இரத்தம் கீழே தேங்கிச் சிரைகள் புடைக்கின்றன என்பதால், காரைக்கால் கடலோரத்துக் கோட்டுச்சேரிமேடு போன்ற மீனவர் ஊர்களில் நின்றபடியே உழைப்போர் இந்நோயை அறிந்திருப்பது நல்லது. கவனிக்காமல் விட்டால் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, எளிதில் ஆறாத புண் தோன்றக்கூடும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் பழுதான சிரையைத் தொடையில் கட்டுவதும், பின்னர் கம்பி நுழைத்து உருவியெடுப்பதுமே சிகிச்சை வழிகளாக இருந்தன. இன்றோ முழங்காலருகே ஊசித் துளையிட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மெல்லிய லேசர் இழையைத் தொடைவரை செலுத்தி, சிரையைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் நீர்மத்தை நிரப்பியபின், இழையை மெதுவாகப் பின்னிழுத்துச் சிரையை உள்ளிருந்தே சுட்டு மூடுகின்றனர். ரேடியோ அலை முறையில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதே வேலையைச் செய்கிறது. மூடிய சிரையின் பணியை மற்றச் சிரைகள் ஏற்றுக்கொள்வதால் இரத்த ஓட்டத்துக்குக் குறையில்லை.

மருந்தை நுரையாக்கிச் செலுத்திச் சிரையை ஒட்டவைக்கும் முறையும் உண்டு. மருந்தையும் காற்றையும் இரு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளி நுரையாக்கும் எளிய வழியை இத்தாலிய மருத்துவர் தெஸாரி 2000இல் வெளியிட்டார்; எனினும் ஊசிவழி மருந்தேற்றும் முயற்சிகள், 1853இல் லியோன் நகர மருத்துவர் பிராவாஸ் சிரிஞ்சை வடிவமைத்ததை ஒட்டியே பிரான்சில் தொடங்கிவிட்டன.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல் வெப்ப முறையை முதலிலும், நுரையை அடுத்தும், அறுவையை இறுதியிலும் வைத்தது. இருப்பினும் தசைகளுக்கிடையே ஓடும் ஆழ்சிரைகள் அடைபட்டுள்ளனவா என்று, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பாராமல் எதையும் தொடங்கலாகாது. சிகிச்சை முடிந்ததும் இறுக்கக் காலுறை அணிவித்து அன்றே நடக்கச் சொல்கின்றனர். படுத்தே கிடந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடும்.