கரையோரப் பெருங்கடற்பறவையை இனங்காணல்: சேர்வராயன் மலைச் சான்று தரும் நெறி

முன்னுரை

பருவக்காற்றும் புயலும் வலுக்கும் காலங்களில் ஆழ்கடலுக்குரிய பறவைகள் சில தமிழகக் கரையை அடைவதுண்டு. அவற்றுள் பேருருவமும் இனங்காண்பதில் இடர்ப்பாடும் உடையது பிரிகேட் பறவை. அதனை இனங்காணும் முறையையும், அதனைப் பதிவு செய்வதற்குச் சேர்வராயன் மலைப் பறவையாய்வு காட்டும் நெறியையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பருந்தும் பிரிகேட் பறவையும்

கரிய நிறமும் பிளவுண்ட வாலும் கொண்டு வட்டமிடுவதால், தொலைவில் இது கரும்பருந்தெனவே தோன்றும். சிறிய பிரிகேட் பறவையின் சிறகு விரிவு பருந்தினதைவிடச் சற்றே மிகுதியாதலின் அளவொன்றே சான்றாகாது. பருந்தின் சிறகுமுனை விரல்கள்போற் பிரிந்திருக்கும், வாற்பிளவு ஆழமற்றது. பிரிகேட் பறவையின் சிறகோ குறுகிக் கூர்ந்து முழங்கைபோல் மடிந்திருக்கும், வாற்பிளவு ஆழமானது, நீண்ட அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும்.

மூவகை இனங்கள்

இந்தியக் கடற்பகுதியில் மூன்று இனங்கள் கருதத்தக்கன. முதிர்ந்த ஆண்பறவையின் அடிப்பகுதியே அவற்றைப் பிரித்தறியத் துணைசெய்கின்றது. பெரிய பிரிகேட்டின் அடிப்பகுதி முற்றும் கருமை. சிறிய பிரிகேட்டின் விலாவிலிருந்து சிறகடி நோக்கி வெண்கீற்று நீளும். கிறிஸ்துமஸ் தீவு பிரிகேட்டின் வயிற்றில் வெண்திட்டு அமையும். இறுதியாகக் கூறிய இனம் உலகில் அத்தீவொன்றில் மட்டுமே இனப்பெருக்கம் செய்வது. எனவே அதன் பெயரில் நிகழும் பிழைப்பதிவு, அதன் பரவல் பற்றிய அறிவையே திரித்துவிடும். பெண்பறவைக்கும் இளம்பறவைக்கும் தொண்டை, மார்பு, தலை ஆகியவற்றின் நிறங்களையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

ஏற்காட்டின் சான்று

1929இல் தொடங்கிய வெர்னே கிழக்குத்தொடர்ச்சி மலை ஆய்வின் களங்களுள் சேர்வராயன் மலையும் ஒன்று. வி.எஸ். லாபர்சோன் திரட்டிய பறவை மாதிரிகளை ஹக் விஸ்லரும் நார்மன் கின்னியரும் ஆராய்ந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1930களில் வெளியிட்டனர். மாதிரி பேணப்பட்டமையால் அவர்தம் முடிவைப் பின்வந்தோர் சரிபார்க்க இயலும். இன்றைய காட்சிப்பதிவுக்கு அத்தகு சான்றாக நிற்பன ஒளிப்படமும் களக்குறிப்புமே.

ஏற்காடு கடலிலிருந்து ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரிய பிரிகேட் பறவை இரு மாதங்கள் வரை இடைவிடாது பறக்கவும், முகிலின் மேலெழு காற்றைப் பற்றி 4000 மீட்டர் வரை ஏறவும் வல்லது என 2016இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆகவே மலையின் உயரம் கருதி ஒரு பதிவை மறுத்தல் பொருந்தாது. பறவையின் ஆற்றல் கருதி அதனை ஏற்றலும் பொருந்தாது. உறுப்படையாளமே தீர்ப்பளிக்கத் தக்கது.

முடிவுரை

நாள், இடம், காற்றின் நிலை, சிறகு, வால், அடிப்பகுதி நிறம் ஆகியன குறிக்கப்பட்ட பின்னரே இனப்பெயர் சூட்டப்பெறல் வேண்டும். அடையாளம் போதாவிடத்துப் 'பிரிகேட் பறவை' என்னும் பொதுப்பெயரோடு நிறுத்துவதே ஆய்வறமாகும்.