கண்டியின் பகற்பொழுது

ஆண்டுதோறும் எசல விழாக் காலத்திலே கண்டி மாநகரம் மக்கள் வெள்ளத்தில் மிதக்கின்றது. தீப்பந்தங்களின் ஒளியும், சவுக்கின் ஓசையும், முரசின் முழக்கமும், பட்டாடை போர்த்த யானைகளின் அணிவகுப்பும் காண்போர் உள்ளத்தை விட்டு எளிதில் அகல்வன அல்ல. ஆயினும், பெரஹரா பார்க்க வருவோரிற் பலர் இரவைக் கண்டு களித்து, மறுநாட் காலைப் புகையிரதத்திலே ஊர் திரும்பிவிடுகின்றனர். "கண்டி பார்த்தாயிற்று" என்பதே அவர்தம் எண்ணம்.

இப்பழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மத்தியதரைக் கடலிலே ஸ்பெயின் நாட்டுக்குரிய இபிசா என்னும் தீவு ஒன்று உண்டு. விடியும்வரை நிகழும் ஆடல் பாடல்களுக்கென்றே உல்லாசப் பிரயாணிகள் அங்கே குவிகின்றனர். பண்டைக்காலப் பினீசிய வணிகர் குடியிருந்த இடமும், அவர்தம் ஈமக்காடும், மதில் சூழ்ந்த பழைய நகரும் அதே தீவில் உள்ளன. அவற்றையும் அத்தீவின் கடல்வளத்தையும் கருதி, 1999ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் உறங்குவோர்க்கு அவை தெரிவதில்லை. கண்டிப் பெரஹரா கேளிக்கையன்று, தெய்வ விழா; எனினும் இரவை மட்டும் கண்டு பகலைக் கைவிடுதல் இரண்டிடத்தும் ஒன்றே. 1988இல் கண்டிப் புனித நகரும் அப்பட்டியலில் இடம்பெற்றதை எத்தனை பேர் நினைக்கின்றோம்?

சில ஆண்டுகளின் முன் யாழ்ப்பாணத்திலிருந்து எம் தமக்கையின் மகன் பெரஹரா பார்க்க வந்திருந்தான். இரவு பார்த்து முடிந்ததும் பயணப் பையைக் கட்டத் தொடங்கினான்.

"ஒருநாள் நின்று போகலாமே, தம்பி" என்றோம்.

"எல்லாம் பார்த்தாயிற்று, மாமா. இது அவர்களுடைய ஊர். வேடிக்கை பார்ப்பதைத் தவிர எங்களுக்கு இங்கே என்ன இருக்கின்றது?" என்றான்.

அச்சொல் எம்மைத் தைத்தது. அவனைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. அவன் வளர்ந்த காலம் அப்படிப்பட்டது. "நேற்றிரவு கண்ணகியம்மன் ஊர்வலம் வந்ததே, கவனித்தாயா?" என்று மட்டும் கேட்டோம். அவன் விழித்தான்.

மறுநாட் காலை அவனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம். கண்டியில் நின்று நிலவும் கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே. அதற்கு அருகே பத்தினி தேவாலயம். பத்தினி என்று சிங்கள மக்கள் வழிபடும் தெய்வம் நம் கண்ணகியே. சற்று மேலே விஷ்ணு தேவாலயம். கடைத்தெருவின் நடுவே கதிர்காமத் தேவாலயம். பெரஹராவில் தலதா மாளிகை ஊர்வலத்தைத் தொடர்ந்து இந்நான்கு தெய்வங்களின் ஊர்வலங்களும் முறையே வருகின்றன. முற்காலத்தில் தேவர்களுக்கே எடுக்கப்பட்ட இவ்விழாவிலே புத்தர்பிரானின் தந்தப்பேழைக்கு முதலிடம் வகுத்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்பர். அவன் 1747 முதல் 1782 வரை ஆண்டவன். தென்னாட்டு நாயக்கர் மரபினன். சைவ வழக்கிற் பிறந்து பௌத்தத்தைப் பேணியவன்.

கட்டுக்கலைப் பிள்ளையாரையும் வணங்கினோம். பெரஹராவின் இறுதிநாட் காலையில், கெட்டம்பேயில் மகாவலி நீரை வாளால் வெட்டும் சடங்கு முடிந்ததும், நான்கு தேவாலயத்தாரும் இக்கோயிலுக்கு வந்து தங்கியே பகற் பெரஹராவுக்குப் புறப்படுகின்றனர். இச்செய்தி பையனுக்குப் புதிது.

பின்னர்க் கொழும்பு வீதியிலே பேராதனையைக் கடந்து, பிலிமத்தலாவையில் திரும்பினோம். கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே என்னும் மூன்று பழங்கோயில்களும் அங்கே வயல்களுக்கும் மேடுகளுக்கும் இடையே ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. கால் வலிமை உள்ளவர்கள் ஒரே பகலில் நடந்தே மூன்றையும் காணலாம்.

முதலிற் கடலாதெனிய. கம்பளை மன்னர் காலத்தில், 1344ஆம் ஆண்டில், தருமகீர்த்தி தேரர் கற்பாறைமேல் எடுப்பித்த விகாரை அது. கல்தூண்களையும் விமானத்தையும் கண்டதும், "மாமா, இது நம் ஊர்க் கோயில்போல அல்லவா இருக்கின்றது?" என்று பையன் வியந்தான். வியப்பில்லை. அதனைக் கட்டியவர் கணேசுவராசாரி என்னும் சிற்பி என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. உள்ளே அமர்ந்திருப்பவரோ புத்தர்பிரான்.

அடுத்தது லங்காதிலக. அதே காலத்தில் செனலங்காதிகார என்னும் அமைச்சர் செங்கல்லால் எடுப்பித்த பெருங்கோயில். உயர்ந்த பாறைமீது வெண்சுதை பூண்டு நிற்கும் அதனைத் தொலைவிலிருந்து காண்பதே ஓர் இன்பம். ஒரே கட்டடத்தில் முன்புறம் புத்தர் வழிபாடு. ஏனைப் புறங்களில் விபீஷணன், கணபதி, கந்தன் முதலிய தேவர்களின் சந்நிதிகள். அங்கே பாறையில் நீண்ட சாசனம் ஒன்று வெட்டப்பட்டுள்ளது. கோயிற் காவலரான முதியவர் ஒருவர், எம்மைத் தமிழர் என்று அறிந்ததும், தாமாகவே அழைத்துச் சென்று அதன் ஒரு பகுதியைக் கையாற் சுட்டி, "தெமள" என்று கூறி முறுவலித்தார். கோயிலுக்கு வழங்கிய மானியங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் பொறித்து வைத்திருக்கின்றனர். பையன் மண்டியிட்டு, பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்க முயன்றான். பாதியும் விளங்கவில்லை. ஆயினும் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

இறுதியாக எம்பக்கே. கதிர்காமக் கடவுளுக்கு, அதாவது நம் முருகனுக்கு, அமைந்த தேவாலயம். அதன் முரசு மண்டபத்து மரத்தூண்களிலே பாலூட்டும் தாய், மற்போர் வீரர், ஆடற்பெண்டிர், கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை என்று தச்சனின் உளி உயிர் கொடுத்திருக்கின்றது. மண்டபக் கூரையின் இருபத்தாறு கைமரங்கள் ஒரேயொரு மர ஆப்பிலே வந்து பொருந்தும் திறம் இன்றைய பொறியியல் மாணவரும் கண்டு கற்கத் தக்கது. செதுக்கியவர் தெல்மட மூலாச்சாரி என்பது அவ்வூர் மரபு.

இவற்றைச் சொல்லுவது, "நாமே கட்டினோம்" என்று மார்தட்டுவதற்கன்று. எடுப்பித்தோர் சிங்கள மன்னரும் அமைச்சரும் தேரர்களும். பேணிவருவோர் சிங்களக் கிராம மக்கள். வந்த சிற்பியின் மொழியையும் தெய்வத்தையும் அவர்கள் புறத்தே நிறுத்தவில்லை, கல்லிலே இடங்கொடுத்தனர். நாடு கடந்துவந்த துயரங்களை இக்கல்வெட்டு மாற்றிவிடாது. ஆனால் இருவேறு மக்கள் ஒரு கூரையின்கீழ் வழிபட்டதில்லை என்று எவரேனும் கூறின், அதனை மறுக்கும் சான்று பாறையிலேயே இருக்கின்றது.

அன்று மாலை பையன் ஊருக்குப் புறப்படவில்லை. இரவு மீண்டும் வீதியோரம் அமர்ந்தோம். முன்னிரவில் யானைகளை மட்டும் எண்ணியவன், இப்பொழுது, "இது நாதர் ஊர்வலமா? இது விஷ்ணுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கதிர்காமத் தேவாலயத்து ஊர்வலம் வந்தபோது, கேளாமலே எழுந்து கைகூப்பினான். பக்கத்திலிருந்த சிங்களப் பாட்டியாரும் கைகூப்பியே நின்றார். கண்ணகியம்மன் ஊர்வலம் வரும்வரை அவன் அமரவேயில்லை.

அடுத்த எசலவுக்குக் கண்டி வரும் அன்பர்கள் ஒரு பகலையும் ஒதுக்கிக்கொள்வார்களாக. வெண்ணிற ஆடையும், எளிதிற் கழற்றத்தக்க மிதியடியும், குடிக்க நீரும் போதும். பிள்ளைகளை மறவாது அழைத்து வாருங்கள். அப்பாறையிலுள்ள எழுத்துகளை நம்மிலும் நன்றாகப் படிக்கப்போகின்றவர்கள் அவர்களே.