சாய்ந்து நிற்கும் போர்ஷே 911: உயரத்தைச் சரிசெய்யும் முறை

1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, மறு ஆண்டு முதல் ஸ்டுட்கார்ட் நகரின் சூஃபன்ஹவுசன் ஆலையில் தயாரான போர்ஷே 911 காரின் பழைய மாடல்களில் சுருள்வில் கிடையாது. உடலின் எடை முழுவதையும் நான்கு எஃகுக் கம்பிகள் தாங்குகின்றன. டார்ஷன் பார் எனப்படும் இந்தக் கம்பியின் ஒரு முனை அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கரத்தோடு இணைந்திருக்கும். சக்கரம் மேலேறும்போது கம்பி முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு விடுபடும்போது சக்கரத்தைக் கீழே தள்ளுகிறது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இலேயே காப்புரிமைக்குக் கொண்டுசென்ற இந்த ஏற்பாடு, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வழியாக 911க்கு வந்து, 1989இல் சுருள்வில் அந்த இடத்தைப் பிடிக்கும்வரை நீடித்தது.

இந்தக் கார்களில் இளையவற்றுக்கே இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல். ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் தூக்கியும் நிற்பது இந்த வயதில் வழக்கமான கோளாறு. பலர் இதைத் தோற்றக் குறையாக மட்டும் கருதி விட்டுவிடுகிறார்கள். அது தவறு. உயரம் மாறிய காரில் நான்கு சக்கரங்களும் சுமக்கும் எடையும் மாறிவிடுகிறது. எஞ்சின் பின்னால் இருப்பதால் 911இன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்கள் மேல்தான் இருக்கிறது. முன்சக்கரங்களுக்குக் கிடைப்பதே குறைவு. அந்தக் குறைந்த எடையும் இரண்டுக்கும் சமமாகப் பிரியாவிட்டால், அழுத்தி பிரேக் பிடிக்கும்போது எடை குறைந்த சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வழுக்கும். இடப்பக்க வளைவில் ஒரு மாதிரியும் வலப்பக்க வளைவில் வேறு மாதிரியும் கார் திரும்பும்.

எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த மூலையில்தான் பழுது என்று முடிவுகட்டுவதே இந்த வேலையில் நடக்கும் பெரிய பிழை. ஆடும் நான்குகால் மேசையில் எந்தக் கால் குட்டை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாததைப் போன்றதுதான் இதுவும். பின்னால் இடப்பக்கக் கம்பி தளர்ந்தால் உடல் முழுவதும் அந்தப் பக்கம் உருளும். முன்னாலும் இடப்பக்கம் தாழும். குற்றவாளியைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. காரின் பின்பகுதியை நட்டநடுவில் ஒரே ஒரு ஜாக்கால் லேசாகத் தூக்கினால், பின்கம்பிகள் உடலைச் சாய்க்க முடியாது. அந்த நிலையிலும் முன்பக்கம் சாய்ந்தால் பழுது முன்னால், நேராகிவிட்டால் பின்னால்.

அதற்கும் முன்பு அளவெடுக்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும், டயர்கள் நான்கும் உரிய அளவும் காற்றழுத்தமும் உடையவையாக இருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் முன்னால் இருப்பதால் அதை நிரப்பிக்கொள்வது நல்லது. ஜாக்கிலிருந்து இறக்கிய காரை அப்படியே அளந்தால் பொய்யான கணக்கு வரும். சிறிது தூரம் உருட்டி, அமுக்கி விட்டு அளக்க வேண்டும். மட்கார்டு விளிம்பிலிருந்து தரைக்கு அளப்பதும் ஏமாற்றும். இத்தனை ஆண்டுகளில் எங்கோ மோதி, தட்டி நிமிர்த்தப்படாத மட்கார்டு அரிது. சக்கர மையத்துக்கும் டார்ஷன் பாரின் மையத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளப்பதே தொழிற்சாலை வகுத்த முறை.

கம்பியைத் தொடுமுன் ரப்பர் புஷ்களைப் பார்க்க வேண்டும். பின்கரத்தை ஏந்தும் புஷ் நசுங்கி வெடித்திருந்தால் கரமே மையம் விலகித் தொங்கும். பல கார்களில் சாய்வுக்குக் காரணம் இதுதான். புஷ் போன காரில் கம்பியைத் திருகி உயரம் தேடுவது வீண்வேலை. சில மாதங்களில் மறுபடி இறங்கிவிடும்.

முன்பக்கத் திருத்தம் எளிது. கம்பி கீழ்க்கரத்தின் உள்ளே நீளவாக்கில் ஓடுகிறது. அதன் பின்முனையில் ஒரு சிறு நெம்புகோலும் அதைத் தள்ளும் திருகாணியும் உள்ளன. திருகாணியை முடுக்கினால் அந்த மூலை உயரும், தளர்த்தினால் தாழும்.

கடினமான பகுதி பின்பக்கம். ஆரம்பகாலக் கார்களில் அங்கே திருகாணியே இல்லை. கம்பி கிடக்கும் குறுக்குக் குழாயின் நடுவில் பொருந்தும் அதன் உள்முனையில் 40 பற்கள். கரத்தோடு பொருந்தும் வெளிமுனையில் 44 பற்கள். உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை திரும்பும். வெளிமுனையை ஒரு பல் நகர்த்தினால் 8.18 பாகை. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே மிகப் பெரிய மாற்றங்கள். ஆனால் உள்ளே ஒரு பல் ஒரு திசையிலும், வெளியே ஒரு பல் எதிர்த்திசையிலும் நகர்த்தினால் மிஞ்சுவது 0.82 பாகை மட்டுமே. சக்கரத்தில் அது சில மில்லிமீட்டர் உயரம். நுண்ணிய திருகு எதுவும் இல்லாமல், இரண்டு பல் எண்ணிக்கைகளின் வேறுபாட்டைக் கொண்டே நுண்மையை எட்டிய இந்த யோசனை வியந்து போற்றத்தக்கது. 1970களின் பிற்பகுதியில் வந்த கரங்கள் இரு துண்டுகளாக இருந்ததால், சிறு திருத்தத்தை வெளியிலிருந்தே செய்ய முடிந்தது.

பழைய கம்பியை வெளியே எடுத்தால் இரண்டைக் கவனிக்க வேண்டும். கம்பி ஆலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கப்பட்டது. அதனால் இடம், வலம் என்று குறியிட்டிருக்கும். பக்கம் மாற்றிப் பொருத்தினால் தளரும் அல்லது உடையும். மேற்பரப்பில் துருப்பிடித்துக் குழி விழுந்த கம்பியைத் திரும்பப் பொருத்தவே கூடாது. முறிவு அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கும்.

உயரம் சரியானதும் எடைபார்க்கும் கட்டம். நான்கு சக்கரங்களுக்கும் நான்கு தராசு வைத்து, ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான பாரம் ஏற்ற வேண்டும். முன் குறுக்குக் கம்பியான ஆன்டி ரோல் பாரின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அது ஒரு பக்கத்து விசையை மறுபக்கத்துக்குக் கடத்திக் கணக்கைக் கெடுக்கும். முன் இடமும் பின் வலமும் சேர்ந்த எடை, முன் வலமும் பின் இடமும் சேர்ந்த எடைக்குச் சமமாக வேண்டும். முன் வலத் திருகாணியை முடுக்கினால் அந்தச் சக்கரத்தில் மட்டுமன்றி, மூலைவிட்டத்தில் எதிரே உள்ள பின் இடச் சக்கரத்திலும் எடை கூடும். மற்ற இரண்டிலும் குறையும். கண்ணுக்கு நேராகத் தெரிவதும் தராசில் சமமாவதும் சில நேரம் ஒத்துவராது. சில மில்லிமீட்டர் உயர வேறுபாட்டை விட்டுக்கொடுத்தேனும் தராசின் பக்கம் நிற்பதே சரி.

உயரம் மாறினால் சக்கரத்தின் செங்குத்துச் சாய்வும் (கேம்பர்) அது நோக்கும் திசைக் கோணமும் (டோ) மாறும். ஆகவே வீல் அலைன்மென்ட் எப்போதும் கடைசியில்தான். முன்னதாகச் செய்திருந்தால் மறுபடி செய்ய வேண்டும். முகப்பு விளக்கின் கோணத்தையும் அதோடு பார்த்துவிடுவது நல்லது.

பின்கரத்தைக் கழற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சக்கரம் தொங்கும்போதும் கரம் தன் தடுப்பின்மேல் முறுக்கோடுதான் அழுந்தி நிற்கிறது. ஜாக் வைத்துத் தாங்காமல் அதைத் தடுப்பிலிருந்து நெம்பி விடுவித்தால், கை எலும்பை முறிக்கும் வேகத்தில் கீழே அடிக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் உடனில்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.